வளர்ப்புச் சான்றிதழ்

லுவாரா தீவின் புதிய வாக்காளர் பட்டியலில் தன் பெயருக்கு நேரே ‘லுவாரர்’ என்று இருந்ததைப் பவளக்கொடி முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்கு நியாயம் இருந்தது. கரும்புமேடு தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை அவள். தமிழர் மன்றத்தின் செயலாளர். போன தேர்தலில் கரும்புமேடு தமிழ்த் தொகுதியில் நின்று நூற்று நாற்பது வாக்கில் தோற்றவள். வரும் தேர்தலில் அதே தொகுதியில் நிற்கப்போகிறவள். நாற்பத்தேழு வயதுக்குள் ஒரு பெண் இதற்கு மேலும் தமிழச்சியாக இருந்து காட்ட வேண்டுமென்றால் வேறு என்னதான் செய்வது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலைத் தயாரித்த கருவியைப் போராடிக் கொண்டுவந்ததே அவள்தான்.

லுவாராவின் சட்டசபையில் அறுபது இடங்கள். வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் எந்த இனம் எத்தனை பங்கோ, அந்த இனத்துக்கு அத்தனை இடம். அங்கே நிற்கிறவரும் வாக்களிக்கிறவரும் அதே இனமாக இருக்க வேண்டும். எழுபது வருஷமாக அவரவர் இனத்தை அவரவர் வாயால் சொல்லி வந்தார்கள். சொன்னபடி பார்த்தால், நூற்றுக்கு எண்பத்தொரு பேர் லுவாரர்; கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சமான தமிழர் பதினொரு பேர்; மீதி உதிரிகள். தமிழர்கள் தங்கள் எண்ணிக்கையை ஊதிக் காட்டுகிறார்கள் என்று மண்ணின் கட்சித் தலைவர் ஆர்மேல் தொர்வில் மேடைக்கு மேடை முழங்கினார். எங்கள் தலைகளை அதிகாரிகள் விழுங்குகிறார்கள் என்று பவளக்கொடி பதிலுக்கு முழங்கினாள். ரத்தத்தைப் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று அரசாங்கம் ஒரு வருஷம் முயன்றது. ரத்தத்தில் எல்லோரும் எல்லாமாக இருந்தார்கள். உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு தேர்தல் நடத்த முடியுமா? அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

பிறகுதான் வளர்ப்புமானி வந்தது. தலையில் ஒரு துணித் தொப்பி, கையில் இரண்டு பட்டை, எதிரே ஒரு திரை, அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிஷத்தில் ஆள் யார் என்று சொல்லிவிடும். “வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது. மானியைக் கொண்டு வாருங்கள்!” என்று பவளக்கொடி பதினாலாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கினாள். தமிழரின் புளுகு வெளுத்துவிடும் என்று தொர்வில் கட்சியும் கைதூக்கியது. அந்தத் தீவின் சரித்திரத்தில் இரண்டு தரப்பும் ஒரே பக்கம் வாக்களித்தது அந்த ஒரு தடவைதான்.

பட்டியலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் நேராக அளவை நிலையத்துக்குப் போனாள். அங்கே மானியை இயக்குகிற ஞானமுத்து அவளுக்குத் தெரிந்தவர்தான். ஐம்பது வயதுக்காரர். அவளைக் கண்டதும் தண்ணீர் கொடுத்தார். அவள் அதைத் தொடாமல் பட்டியலை மேசையில் விரித்தாள்.

“மிஷின்ல ஏதாவது கோளாறா அண்ணே?”

“கோளாறு இல்ல டீச்சர். மூணு தடவ சரிபாத்துட்டேன். லுவாரர் எண்பத்தெட்டு, தமிழ் பன்னெண்டு. அதுதான் உங்க அளவு.”

“நான் என்ன தப்பா செஞ்சேன்? மொச்சையைக் கொடுத்து எண்ணச் சொன்னீங்க. கட்டைவிரலால விரல் வரையைத் தொட்டுத் தொட்டுத்தானே எண்ணினேன்? நம்ம ஆளுங்க எண்ணுற மாதிரிதானே?”

“எண்ணினீங்க. ஆனா உங்க கை அதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு செய்யப் போச்சு டீச்சர். கையை மூடி வச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா நிமித்துறது லுவாரர் பழக்கம். உங்க கை அதத்தான் செய்யப் போச்சு. நீங்க தடுத்து மாத்தினீங்க. தொப்பி அந்தத் தடுத்ததையும் பாக்கும்.” ஞானமுத்து கொஞ்சம் தயங்கினார். “அப்புறம் அந்தத் துணிப் பொம்மை. தூக்குங்கன்னதும் நீங்க தோள்ல போட்டீங்க. நம்ம ஆளுங்க கை தானா இடுப்புக்குத்தான் போகும். அஞ்சு வயசுக்குள்ள நம்மள யாரு தூக்கினாங்களோ, யாரு ஊட்டினாங்களோ, அவங்க கைதான் நம்ம கையில இருக்கும். நீங்க பேசுற பாஷை, படிச்ச புத்தகம், அதெல்லாம் பிற்பாடு வந்ததுன்னு தள்ளிரும்.”

“என்னை வளத்தது யாரு, லுவாரரா?”

“அத நீங்கதான் சொல்லணும்.”

சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தலைநகரத்து லுவாரர் வீடுகளில் பிள்ளை பிறந்தால், தோட்டத்திலிருந்து ஒரு தமிழ் ஆயாவை வரவழைப்பது வழக்கம். அதிலும் அப்போதுதான் பிரசவமானவள் என்றால் பால் கொடுக்கவும் ஆகும் என்று தேடிப் பிடிப்பார்கள். பிள்ளை பெற்ற முப்பதாம் நாள் லாரி வந்து வாசலில் நிற்கும். அவள் போன பிறகு அவளுடைய பிள்ளை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் வளரும். பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொண்டவர்கள், வேறு வேலை கிடைக்காத ஏழை லுவாரப் பெண்கள். கரும்புமேட்டுப் பிள்ளைமடுவத்தில் இருந்தவள், பிள்ளைகள் ‘மாமான்’, அதாவது அம்மா, என்று கூப்பிட்ட செலின். பவளக்கொடியைத் தோளில் போட்டுத் தட்டியவள் அவள்தான். அவள் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

பவளக்கொடியின் தாய் வேலாயியும் அப்படித்தான் முப்பதாம் நாள் லாரி ஏறினாள். அவள் போனது தொர்வில் வீட்டுக்கு.

இனி பட்டியலின் மற்ற பக்கங்களை யூகிப்பது கஷ்டமில்லை. தமிழர் நூற்றுக்கு முப்பத்துநாலாக ஏறிவிட்டார்கள். அறுபதில் இருபது இடம்! மன்றத்தில் இனிப்பு வாங்கி வைத்திருந்தார்கள். பெயர்களைப் படிக்க ஆரம்பித்ததும் இனிப்பை யாரும் தொடவில்லை. முப்பத்துநாலில் பெரும்பகுதி தலைநகரத்து மாளிகைக்காரர்கள், வக்கீல்கள், வங்கி முதலாளிகள், ஒரு முன்னாள் படைத் தளபதி. தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் லுவாரர். தோட்டத்தில் தமிழராக மிஞ்சியவர்கள் வேலையிலிருந்து நின்று ஊர் திரும்பிய கிழட்டு ஆயாக்களும், தாய் ஆயா வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்து வளர்த்த சிலரும்தான். ஆர்மேல் தொர்வில், தமிழ் தொண்ணூற்று மூன்று.

தொர்வில் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். நாலாம் நாள் வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய பழைய தொகுதியில் நிற்க அவருக்கு இனித் தகுதி இல்லை. வேறு வழியில்லாமல், தலைநகரத்துத் தமிழர்களும் வாக்களிக்கிற கரும்புமேடு தமிழ்த் தொகுதிக்கு மனுப் போட்டார். முதல் கூட்டத்தைப் பள்ளி மைதானத்திலேயே வைத்தார். பவளக்கொடி வேலிக்கு வெளியே நின்று கேட்டாள்.

தொர்விலுக்குத் தமிழ் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. நாலு வயதுப் பிள்ளையிடம் பேசுகிற தமிழ் மட்டும்தான் அவருக்கு வந்தது.

“சமத்தா ஓட்டுப் போடுங்க!” என்றார். “போட்டா மிட்டாய் தருவேன். போடலைன்னா பூச்சாண்டி வருவான்!”

கூட்டம் சிரித்தது. ஆனால் இதுவரை கேட்ட தேர்தல் பேச்சுகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தால், இவர் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதன் பிறகு லுவார மொழிக்கு மாறியபோதுதான் பவளக்கொடிக்குப் பகீரென்றது.

“தமிழ்ப் பள்ளி எங்கே இருக்க வேண்டும்?” என்று கேட்டார் தொர்வில். “தமிழர்கள் இருக்கும் இடத்தில். பட்டியலைப் பாருங்கள். தமிழர்கள் தலைநகரத்தில் இருக்கிறார்கள். கரும்புமேட்டில் படிக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் மானிப்படி தமிழர் எத்தனை பேர்? பத்தொன்பது. நான் ஜெயித்து வந்தால் முதல் வேலையாக இந்தப் பள்ளியைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோவேன்!”

இத்தனை வருஷமாகப் பள்ளியை மூடுவேன் என்று சொன்ன மனிதர், இப்போது தமிழ்ப்பற்றினால் அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறார். அவரை எதிர்த்து நிற்க ஆள் வேண்டும். நிற்க வேண்டுமானால் பவளக்கொடி தமிழச்சி என்று சான்றிதழ் வேண்டும்.

ஒரே ஒரு சந்து இருந்தது. வளர்த்தவர் உயிரோடு இருந்து, ஆணையர் முன்னால் சத்தியம் செய்து, வளர்ப்பைப் பற்றிய கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால் மானியின் அளவை ரத்து செய்யலாம். தங்கள் ஆட்கள் யாராவது தமிழராகிவிட்டால் தப்பிக்க உதவட்டும் என்று தொர்வில் கட்சியே சட்டத்தில் சேர்த்துவைத்த விதி அது. அவசரத்துக்கு அவர்களுக்குத்தான் உதவவில்லை. பெற்ற தாய்மாருக்குக் கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை; எந்த ஆயாவும் அவர்களுக்காகப் பொய் சொல்ல முன்வரவில்லை.

வேலாயிக்கு எழுபத்து நாலு வயது. கண் நன்றாகத் தெரிந்தது, காது நன்றாகக் கேட்டது, யாருக்கும் பயப்படுகிற பழக்கம் மட்டும் வயதோடு போய்விட்டது. பவளக்கொடி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்தாள். பல் எப்போது முளைத்தது, என்ன சாப்பிட்டாள், எதற்குப் பயந்தாள் என்று எல்லாம் அவளே கற்பனையாக எழுதி வைத்திருந்தாள். எழுதும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தன்னைப் பற்றி அவளுக்கும் தெரியாது. கேட்கலாம் என்றால் செலின் இல்லை.

“இதையெல்லாம் மனப்பாடம் பண்ணணும்மா. நீதான் என்னை வளத்தேன்னு சொல்லணும்.”

வேலாயி இரண்டு வரி கேட்டாள். பிறகு நோட்டை மூடி மகள் மடியிலேயே வைத்தாள்.

“இது உன் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி இருக்கு. எந்தப் பிள்ளையும் இப்பிடி வளராது. விடு, நான் பாத்துக்கிறேன்.”

“பத்துக் கேள்விம்மா!”

“இருக்கட்டுமே. நூறு கேக்கட்டும்.”

விசாரணை காலை பதினோரு மணிக்கு. ஆணையர் மதாம் ரெனார் ஓய்வு பெற்ற நீதிபதி. மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். “பட்டியல்படி நானும் தமிழ்தான். எழுபத்தொன்று. உட்காருங்க ஆயா, சமத்தா பதில் சொல்லுங்க” என்றார். அந்த அம்மாவும் எந்தத் தமிழில் வளர்ந்தார் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

எதிர் வேட்பாளர் என்ற முறையில் தொர்வில் ஆட்சேபனை சொல்ல வந்திருந்தார். நாலு பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வேலாயியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு, எதற்கு நின்றோம் என்று தெரியாதவர் போல உட்கார்ந்துகொண்டார்.

“முதல் பல் எப்போ?” என்று மதாம் ரெனார் ஆரம்பித்தார்.

“ஏழாம் மாசம். கீழ்ப்பல்லு ரெண்டும் ஒரே வாரத்துல. தோள்ல கடிச்ச தடம் இன்னும் இருக்கு, காட்டவா?”

“வேண்டாம் வேண்டாம். என்ன செஞ்சா பிள்ளை தூங்கும்?”

“தாலாட்டெல்லாம் வேலைக்கு ஆகாது. குப்புறப் போட்டு முதுகுல விரலால கோலம் போடணும். ஒம்பது புள்ளி வைக்கிறதுக்குள்ள தூங்கிரும். பத்தாவது புள்ளி நான் வச்சதே இல்ல.”

பவளக்கொடிக்கு முதுகு சிலிர்த்தது. இந்த விரல் தன் முதுகில் ஊர்ந்திருக்கிறதா? ஞாபகம் இல்லை. ஆனால் ஞாபகம் இல்லாத வயதுதானே அது! அம்மா ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. பப்பாளி என்றால் துப்பிவிடும், கொய்யா என்றால் விதையோடு விழுங்கும். இடி இடித்தால் அழாது, நாய் குரைத்தால் அழும். காய்ச்சல் வந்தால் காது முதலில் சிவக்கும். கேட்கக் கேட்கப் பவளக்கொடிக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். நாற்பத்தேழு வருஷமாக அம்மா எதையும் சொன்னதில்லை. ஆனால் எல்லாவற்றையும் வைத்திருக்கிறாள். மானியாவது மண்ணாங்கட்டியாவது என்று அவளுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

“எந்த இடத்துக்குப் பயப்படும்?”

“மாடிப்படிக்கு அடியில போகாது. அங்க துடைப்பம் வச்சிருப்போம். அத யாரோ நிக்கிறாங்கன்னு நினைச்சுக்கும்.”

கரும்புமேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் ஒற்றை அறை, தகரக் கூரை. மாடி கிடையாது. மாடிப்படியும் கிடையாது.

பவளக்கொடி அம்மாவைப் பார்த்தாள். வேலாயி நேராக ஆணையரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதாம் ரெனாரின் பேனா ஒரு நொடி நின்றது. அவர் தலை நிமிரவில்லை. பிறகு பேனா மறுபடி ஓடியது.

“அடிபட்ட தழும்பு?”

“இடது முழங்கால். கொய்யா ஜாடியைத் தூக்கிக்கிட்டு ஓடி விழுந்து கண்ணாடி குத்திருச்சு. மூணு தையல். நான் மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டேன்.”

பவளக்கொடியின் முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லை. புடவை அதை மறைத்திருந்தது. அறையின் அந்தப் பக்கம் ஆர்மேல் தொர்விலின் கை, அவருக்குத் தெரியாமலே, தன் இடது முழங்காலுக்குப் போயிருந்தது. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

கடைசிக் கேள்வி. “நீங்க விட்டுட்டுப் போனா பிள்ளை என்ன செய்யும்?”

“சாப்பிடாது. யார் ஊட்டினாலும் வாயைத் திறக்காது. நான் திரும்பி வந்து, ஆயா வந்துட்டேன்னு சொன்னாத்தான் திறக்கும்.”

ஆயா என்று சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாய் தன்னை ஆயா என்று சொல்வாள்? பவளக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளி போயிற்று, தொகுதி போயிற்று, பொய்ச் சத்தியத்துக்கு இந்த வயதில் அம்மாவுக்கு என்ன தண்டனையோ என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நினைத்தாள்.

“ஆட்சேபனை உண்டா, மிசியே தொர்வில்?”

தொர்வில் நாலு பக்கத்தையும் கையில் எடுத்தார். வேலாயி முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. சும்மா பார்த்தாள். அவர் காகிதங்களை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“இல்லை” என்றார், தமிழில்.

மதாம் ரெனார் முத்திரை குத்தினார். பவளக்கொடி, வேலாயி மகள், இனம்: தமிழ். சான்றிதழை நீட்டும்போது, “நல்ல வளர்ப்பு” என்றார். யாரைச் சொன்னார் என்று அவர் விளக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நல்ல வெயில். வேலாயி சான்றிதழை விசிறியாக்கி விசிறிக்கொண்டாள். பவளக்கொடிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“மாடிப்படின்னு சொல்றியேம்மா! நமக்கு ஏது மாடிப்படி?”

“அதுக்கு நான் என்ன பண்ண? நீ எழுதிக் குடுத்தது பொய்யி. பொய் எனக்குச் சரளமா வராது. அதான் உண்மையையே சொன்னேன். பிள்ளையை மட்டும் மாத்திக்கிட்டேன்.”

“அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?”

“சொல்ல மாட்டான். பெரியவங்க பேசினா எதுத்துப் பேசக்கூடாதுன்னு சொல்லித்தான் வளத்திருக்கேன்.” வேலாயி விசிறியை மாற்றிப் பிடித்தாள். “தொகுதியைப் பத்தியும் கவலைப்படாத. அங்க ஓட்டுப் போடப்போற பட்டணத்துப் பிள்ளைங்க யாரு? எல்லாம் நாங்க வளத்ததுங்கதானே. என்கூட ஆயாவா இருந்த தங்கம்மா, மூக்காயி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போறேன். எங்க பிள்ளைங்க எங்க பேச்சத் தட்டாது.”

எங்க பிள்ளைங்க. அந்த வார்த்தையை அவள் எத்தனை சுலபமாகச் சொன்னாள்! ஜெயித்துவிடலாம். பள்ளி இருக்கும். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. இருந்தும் பவளக்கொடிக்குத் தான் அங்கே யாருடைய பிள்ளையாகவும் நிற்கவில்லை என்று தோன்றியது. அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தாள். முடியவில்லை.

“அம்மா, நான் எப்போம்மா நடக்க ஆரம்பிச்சேன்?”

வேலாயியின் விசிறி நின்றது. அத்தனை கேள்விக்கும் யோசிக்காமல் பதில் சொன்னவள், இதற்கு வெகு நேரம் யோசித்தாள். தூரத்தில் பேருந்து வருவது தெரிந்தது.

“செவ்வாயோ புதனோ தெரியல பவளம்” என்றாள். “ஞாயித்துக்கிழமை லீவுல நான் வந்தப்ப, நீ நடந்துகிட்டு இருந்த.”